கண்ணாடிக்குள்ள அம்மன்ட சிலம்பு

பார்க்கக் கூடாத பொருளை லைட் போட்டுக் காட்டுற வீட்டுக்குள்ள மனுசர் எப்படி நிம்மதியா நிக்கிற?

வாவிக்கரையில வெள்ளைக்காரக் கவர்னர் இருந்த பங்களாதான் இப்ப மியூசியம். துரை குளிச்ச தொட்டி, துரை சாப்பிட்ட கோப்பை, துரையிர தொப்பி. என்ட மனுசன் கனகசிங்கம் ஒவ்வொண்டுக்கு முன்னாலயும் நிண்டு எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். எனக்கு ஒரு இடத்தில நிக்க ஏலாம இருக்கு. அடுத்த அறையிலதான் எங்கட ஊர்க் கண்ணகி அம்மன்ட சிலம்பு.

வருசத்துக்கு ஒருக்கா, வைகாசிச் சடங்குக்குத்தான் அம்மன்ட கதவு திறக்கிறது. மத்த நாளெல்லாம் சிலம்பு பட்டுத்துணிக்குள்ள, பெட்டிக்குள்ள, இருட்டில. கோயிலுக்குள்ள கள்ளன் பூந்ததும், பூசை பார்க்கிற என்ட தம்பி அருமைநாயகம் பயத்தில சிலம்பை இஞ்ச கொண்டுவந்து குடுத்திட்டான். "பூட்டி வைப்பீங்களா?" எண்டு மட்டும் கேட்டானாம், விசரன். பூட்டித்தான் வெச்சிருக்காங்க, கண்ணாடிக்குள்ள! திருப்பி எடுடா எண்டா, கள்ளன் பிடிபடட்டும், சடங்குக்கு எடுப்பம் எண்டுறான்.

"லைட்டை நூருங்க தம்பி, அம்மன் இருட்டில இருக்கட்டும்," எண்டு அந்த அறை வாசல்ல காவலுக்கு நிண்ட ஜிப்ரியிட்டக் கேட்டன்.

"ஏலாதம்மா. ஆக்கள் பார்க்கத்தானே வாறாங்க."

"அப்ப ஒரு துணியாவது போடுங்க."

"எனக்குத்தான் ஏச்சு விழும்."

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கிச்சு. நான் சிலம்பைப் பார்க்காம அறைக்குள்ள பின்பக்கமா நடந்துபோய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சேலைத் தலைப்பை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பிள்ளைகள் சிரிச்சுதுகள்.

"கொஞ்சம் விலகுங்கம்மா," எண்டா டீச்சர்.

"துரையிர தொட்டியைப் போய்ப் பாருங்க. அதுக்கு ஒரு குறையுமில்ல."

மனுசன் வெக்கத்தில யன்னலால வாவியைப் பார்த்துக்கொண்டு நிண்டார். ஒரு கூட்டம் போக அடுத்த கூட்டம் வந்துது. கை ரெண்டும் உளைஞ்சுது. விடல்ல நான்.

பின்னேரம் ஆக்களெல்லாம் போனாப் பிறகு ஜிப்ரி வந்து லைட்டை நூத்தான். அப்பதான் கையைக் கீழ விட்டன். அவனுக்கும் மனம் கேக்கல்லப் போல.

"இப்ப ஒருத்தரும் இல்லம்மா. இவ்வளவு நேரம் நிண்டீங்க, திரும்பி ஒருக்காப் பாருங்களன்."

"வைகாசி இன்னும் வரல்லையே மனே. நான் மட்டும் எப்படிப் பார்க்கிற?"

அவன் கதவைப் பூட்டச் சாவியை எடுத்தான். நான் திரும்பாமலே வாசல் மட்டும் நடந்தன்.

"நாளைக்கு எத்தின மணிக்கு லைட் போடுவீங்க?" எண்டு கேட்டன்.