முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்

காது மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், குழாயைத் திறந்ததும் யாரோ என் தலையில் ஜல்லியைக் கொட்டுகிறார்கள் என்று பயந்துவிட்டேன். தண்ணீர்தான். செய்தித்தாளைப் புரட்டினால் கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். என் செருப்பே என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. தட்டில் கரண்டி பட்டபோது வந்த கோபத்தில் அந்தக் கரண்டியை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். கீழ்வீட்டுக்காரரின் தலை தப்பியது.

"இது காதா, கல்லுடைக்கிற இடமா? திருப்பிக் குடுத்துடலாம்" என்றேன் கணவரிடம்.

அவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி, "கொஞ்சம் பழகிப் பாரேன்" என்றார். பிறகு வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னமோ முணுமுணுக்க ஆரம்பித்தார். நான் அவசர அவசரமாக மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

நான் பயந்தது குழாய்க்கும் கரண்டிக்கும் இல்லை. இந்த முணுமுணுப்புக்குத்தான்.

நான் மில்லில் தறி ஓட்டியவள். தறிகள் ஓடும்போது ஷெட்டுக்குள் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே எல்லோருக்கும் உதட்டுப் பேச்சுதான். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்போம். இந்தக் கோடியில் இருப்பவள் சொன்னது அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஷெட்டில் என் பெயர் மிளகு. ஆள் சின்னது, காரம் பெரிது என்று வைத்த பெயர். என் கணவர் அதே மில்லில் தறி பழுது பார்க்கிற ஃபிட்டர். தறி நின்றால்தான் உள்ளே வருவார், அதனால் அவர் காது பிழைத்தது. என் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது எனக்கே தெரியவில்லை. உதட்டைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், இந்த மனுஷன் என் தறிக்கு எதிரே ஸ்பானரும் கையுமாக வந்து நின்றார். சத்தம் வராமல், உதட்டால் மட்டும், "மிளகு, உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். ரகசியமாகச் சொல்கிறாராம்! உதட்டைப் படித்தே பிழைக்கிற ஒரு ஷெட் நிறையப் பெண்களுக்கு நடுவில்! மறுநாள் காலையில் மில் கேட்டிலிருந்து அவருடைய பட்டறை வரைக்கும் பார்த்த வாயெல்லாம் அதே வாக்கியத்தைச் சத்தமில்லாமல் அவரிடம் திருப்பிச் சொன்னது. மேஸ்திரிகூட விடவில்லை. மாதக்கணக்கில் மனுஷன் தலை நிமிரவில்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். கட்டிக்கொண்டவளும் நான்தான்.

காது போன பிறகு அவருடைய ஒரு பழக்கம் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. காரியப் பேச்சு எதுவானாலும் நேரே என் முகத்தைப் பார்த்துச் சொல்வார். சாவி எங்கே, தண்ணீர் வரவில்லை, நாளைக்கு ஆஸ்பத்திரி. அது முடிந்ததும் சுவர் பக்கமோ ஜன்னல் பக்கமோ திரும்பிக்கொண்டு ஏதோ பேசுவார். சில நாள் ஃப்ரிட்ஜைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார். உதடு தெரியாது. பெண்டாட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் வேறு என்ன சொல்வார்? வசவுதான். என் வாய்க்கு அவர் வாங்கியது கொஞ்சமா நஞ்சமா? 'எப்படா இவகிட்டேருந்து தப்பிப்போம்' என்றுகூடச் சொல்லலாம். கேட்காத வரைக்கும் அது ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாம். கேட்டுவிட்டால்? இந்த வயதில் நான் எங்கே போவது?

பிடிக்காவிட்டால் சனிக்கிழமைக்குள் மெஷினைத் திருப்பித் தரலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"சத்தமில்லாத இடமாப் பாத்து முதல்ல கூட்டிட்டுப் போங்கன்னு கடைக்காரப் பொண்ணு சொல்லுச்சு. பெரிய பூங்காவுல ஏரி இருக்குல்ல, அங்க போலாமா?"

"அங்க போய் என்ன பண்றது? தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

"ஆமா."

சண்டை போட அதில் பிடி எதுவும் கிடைக்கவில்லை. நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸின் பிரேக் சத்தத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பூங்கா வாசலில் ஒரு குழந்தை ஊதலை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதியது. அவ்வளவுதான். மெஷினைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. வாசல் தூண் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். ஆரம்பித்துவிட்டது அர்ச்சனை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

உள்ளே போகப் போக நகரம் கழன்று விழுந்தது. மரங்களுக்கு அப்பால் ஏரி அகலமாகக் கிடந்தது. அக்கரையில் அடுக்குமாடி வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. மிதிபடகுகளையெல்லாம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் நடுவில் சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வழியில் நல்ல நல்ல பெஞ்சுகள் காலியாக இருந்தும் அவர் நிற்கவில்லை. கடைகளையெல்லாம் தாண்டி, கரையோரம் ஒரு மரத்தடி பெஞ்சுக்குப் போய், கைக்குட்டையால் துடைத்து என்னை உட்காரவைத்தார்.

இலை கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவள் உதட்டை நான் படித்தேன். "என்ன சார், இன்னிக்கு ஜோடியா? இந்த வாரம் பூரா வந்து ஒவ்வொரு பெஞ்சா உக்காந்து கண்ண மூடிட்டு சத்தம் கேக்குதான்னு பாத்தீங்களே, இவங்களுக்காகத்தானா?"

அவர் அசடு வழிந்துகொண்டு, "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நழுவினார். மனம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. ஆனால் பெஞ்சு தேடுவது வேறு, ஃப்ரிட்ஜுக்குள் பேசுவது வேறு.

ஒரு வாத்து கரையேறி என் காலருகே வந்து நின்று வாயைத் திறந்தது. சத்தம் இல்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு மறுபடியும் திறந்தது. சரியான திட்டு என்று தெரிந்தது, ஆனால் வாத்துக்கு ஏது உதடு? என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று மெஷினை எடுத்து மாட்டி, முடியை இழுத்து மூடிக்கொண்டேன்.

தொண்டை கட்டின கிழவன் மாதிரி ஒரு குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்து கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கரைக்கல்லைத் தண்ணீர் தொட்டுவிட்டுப் போகிற சத்தம். மேலே இலைகள். எங்கோ அந்தப் படகின் மிதிகட்டை கிறீச்சென்றது. எதுவும் இடிக்கவில்லை. உலகத்தில் சின்னச் சத்தங்கள் என்று ஒரு வகை இருப்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கண் நிறைந்துவிட்டது.

சருகுகள் நொறுங்கின. அவர் வருகிறார். கழற்றிவிடலாம் என்று கை காது வரைக்கும் போனது. போனது போனபடி நின்றுவிட்டது.

"சூடா இருக்கு, பாத்துக் குடி" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லி டீயைக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சர்க்கரையே போடல போலிருக்கு, கஞ்சப்பய" என்றார் ஏரியிடம். "இவ ஒண்ணும் சொல்லாம குடிக்கிறா பாரு. ஒடம்பு கிடம்பு சரியில்லையோ?"

நான் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீலம் கட்டினா இன்னும் அப்படியேதான் இருக்கா" என்றார். ஒரு வாய் டீ உறிஞ்சினார். பிறகு, "திருப்பிக் குடுக்கட்டும். அவளுக்கு வலிக்குதுன்னா அந்த எழவு எதுக்கு? எனக்குத்தான் ஒரு நப்பாசை. வீட்டுக்குள்ள நுழையறப்ப வாசல்லேருந்து கூப்பிட்டா, உள்ளேருந்து 'வர்றேன்'னு ஒரு குரல் வரணும். பொண்டாட்டிய லைட்ட அணைச்சு அணைச்சுப் போட்டுக் கூப்பிடற ஆளு இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்."

உண்மைதான். அவர் வெளியே போய் வந்தால், திடீரென்று பார்த்து நான் பயப்படக்கூடாது என்று வாசல் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் போடுவார். பல்பு போய்விடும் என்று நான் கத்துவேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷெட்டில் ஒருமுறை உதட்டைக் காட்டிப் பட்ட பாட்டுக்கு, ஆசையாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இந்த மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார். காது இருந்தபோது அது எனக்குக் கேட்டிருக்கும், அதனால் திரும்பிய முகத்தை நான் கவனிக்கவே இல்லை. காது போன பிறகு முதுகு மட்டும்தான் மிஞ்சியது. சுவரும் ஜன்னலும் கேட்டுவிட்டன, நான்தான் கேட்கவில்லை. அந்த ஃப்ரிட்ஜின்மேல் எனக்கு வயிறு எரிந்தது.

"மிளகு" என்றார் அவர்.

அந்தப் பெயரைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. தோளைத் தட்டித்தான் கூப்பிடுவார், பெயர் எதற்கு? யாரும் திரும்பமாட்டார்கள் என்ற தைரியத்தில், தண்ணீர்ச் சத்தத்தைவிடச் சின்னதாகச் சொன்னார்.

நான் திரும்பினேன். "எதுக்கு இப்படிக் கத்துறீங்க? காது நல்லாத்தான் கேக்குது."

பாதி டீ அவர் பேன்ட்டில் கொட்டியது. முடியை ஒதுக்கிக் காட்டினேன். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு யாராவது பார்க்கிறார்களா என்று பழைய ஃபிட்டர் போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். வாத்தைத் தவிர யாரும் இல்லை.

"எப்பலேருந்து?"

"சர்க்கரையிலேருந்து."

அவர் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "அப்ப, நாளைக்குக் கடைக்கு..." என்று இழுத்தார்.

"போகணும். பேட்டரி கூட ஒண்ணு வாங்கி வெச்சுக்கணும். நீங்க பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க போலிருக்கே."

அவர் சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அந்த முகத்தை இழுத்துப் பார்க்கவில்லை. திரும்பியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மிளகு" என்றார் மறுபடியும், தண்ணீரைப் பார்த்தபடி.

தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்த நான், "வர்றேன்" என்றேன்.