பரசுராமன் லீவு போட்டு வந்த நாள்

"ஆமாம்பா, நம்ம பரசுராமன்தான். விடியக்காலம். நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அவ்ளோதான்."

முனிசாமி போனில் கத்திக்கொண்டிருந்தார். தங்கை புருஷனின் சாவை உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கத்த ஆரம்பிக்கிறவர் 'அவ்ளோதான்' என்று வரும்போது மட்டும் மெதுவாகிவிடுவார். தாமல் கிராமத்துக்குள் செல்போன் சிக்னல் இன்னும் வந்து சேராத வருஷம் அது. அந்தத் தெருவுக்கே இந்த ஒரு போன்தான்.

அவர் தங்கை குழலி, புருஷனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முழுப்பெயர் ஏலவார்குழலி. முழுசாகக் கூப்பிட்டவர் பரசுராமன் ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால். பெட்டியைக் கூடத்தில் வைப்பதற்காக மூன்று கம்ப்யூட்டர்களையும் சுவரோரம் தள்ளிப் போர்வையால் மூடியிருந்தார்கள். இவரை வைக்கவும் அதுகளிடம்தான் இடம் கேட்க வேண்டியிருந்தது என்று நினைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவில் இப்படியும் ஒரு நினைப்பு வருமா என்று வெட்கமாக இருந்தது.

குவைத்துக்குப் போன மற்ற ஆண்கள் கம்பளியும் சென்ட்டும் கொண்டுவந்தார்கள், வசதிப்பட்டவர்கள் நகை கொண்டுவந்தார்கள். பரசுராமன் ஒரு ஆபீசில் ஏசி மெக்கானிக். அங்கே பழசென்று கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கி, கழற்றி, கேம்ப்பில் இருந்த நம்ம பக்கத்து ஆட்கள் லீவில் கிளம்பும்போதெல்லாம் ஆளுக்கொரு பாகம் கொடுத்தனுப்பினார். திருப்புட்குழிக்காரன் பெட்டியில் மானிட்டர் வரும், ஓரிக்கைக்காரன் மடியில் கீபோர்டு வரும். இன்டர்நெட்டுக்கான போன் பில்லை அங்கே இருந்தவர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக் கட்டினார்கள். "எல்லார் வூட்டுக்கும் தங்கம் வருது, நம்ம வூட்டுக்கு ஒயரு வருது" என்று குழலி புலம்பாத நாள் இல்லை. அவர் சிரிப்பார். தினமும் சாயங்காலம் கூடம் நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்து டைப் அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு, அவளும் புலம்பலைக் கொஞ்சம் ஒப்புக்குத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் பெருமை. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஊரில் எல்லோரும் கருட சேவைக்கோ பொங்கலுக்கோ லீவு போடுவார்கள். பரசுராமன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு லீவு போடுவார். கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும் அவருக்கு. லீவு கிடைக்காத வருஷம் அங்கிருந்து போன் போடுவார். சாப்பிட்டியா என்றுகூடக் கேட்காமல், "எத்தினி பேரு பாஸு?" என்பார்.

இந்த வருஷம் லீவு கிடைத்தது. இன்றைக்குப் பத்து மணிக்கு ரிசல்ட்.

பக்கத்து வீட்டு ஜெயப்ரியா வந்து குழலியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் குவைத்தில் இருக்கும் மாதங்களில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள், தானும் பரீட்சை எழுதியவள். "மாமா... மாமா..." என்று அரற்றினாள். குழலி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பரீட்சை நம்பர். வியர்வையிலும் கண்ணீரிலும் பாதி கரைந்திருந்தது.

குழலி வாசலைப் பார்த்தாள். பந்தல் கட்டிக்கொண்டிருந்த பையன்கள், நாற்காலி தூக்கிவந்த பெண்கள், எல்லாம் சாயங்காலம் வருகிற அதே பிள்ளைகள். காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினால் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து ரிசல்ட்டைப் பார்த்துவிடலாம். ஒருவரும் போகவில்லை, ஒருவரும் வாய் திறந்து கேட்கவுமில்லை.

"அண்ணா, போன வச்சுடு," என்றாள் குழலி. "நெட்டு போடணும்."

முனிசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். "இன்னாமா சொல்ற? விமலு பத்து மணிக்கு சிங்கப்பூர்லருந்து போடறேன்னு சொல்லிக்கீறான். பிளேன்ல ஒரே ஒரு சீட்டுதான் இருக்குதாம். நாளைக்கி வரைக்கும் வச்சிருப்பீங்களான்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட் எடுப்பான். நெட்டு போட்டா லைன் போயிடும். அந்த சீட்டு போச்சுன்னா பெத்த புள்ள கொள்ளி வைக்க வேணாமா?"

குழலிக்கு ஒரே பிள்ளை. அப்பா முகத்தைப் பார்க்காமல் போய்விட்டால் ஆயுசுக்கும் அவனுக்கு ஆறாது, தனக்கும் ஆறாது. பெட்டிக்குள் பார்த்தாள். நேற்றிரவு படுக்கும்போது அவர் சொன்ன கடைசிப் பேச்சு, "காலையில சீக்கிரம் எழுப்பி வுடு" என்பது.

"அவரு லீவு போட்டு வந்ததே இதுக்குத்தாண்ணா," என்றாள். "ஜெயப்ரியா, போர்வைய எடு. நம்பர் அழிஞ்சுடப் போவுது."

மோடம் கிறீச்சிட்டுக் கத்தியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். குழலிக்கு அந்தச் சத்தம் பழக்கம். அது அடங்கினால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாவது தடவையும் இல்லை. முனிசாமி கடிகாரத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடங்கியது.

பிள்ளைகள் உள்ளே வந்து ஐஸ் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். ஜெயப்ரியா முதல் மார்க்கை முணுமுணுத்தாள்.

"சத்தமா படிமா," என்றாள் குழலி. "அவரு எப்டி படிப்பாரு?"

ஜெயப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு பேராகக் கூடத்தைத் தாண்டி, பந்தலைத் தாண்டிப் போனது. தன்னுடைய மார்க்கையும் வேறு யாருடையதோ மாதிரி படித்தாள். பஞ்சாட்சரத்தின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். பிசிக்ஸ் போயிருந்தது. பெயில் என்ற சொல்லைப் பரசுராமன் அந்தக் கூடத்தில் உச்சரித்ததே இல்லை.

"பஞ்சாட்சரம், இன்னொரு தடவ," என்று படித்தாள் ஜெயப்ரியா, பெயிலுக்குப் பதில் அவர் சொல்கிற மாதிரியே. பையன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தான்.

நெட்டைத் துண்டித்த உடனே போன் அடித்தது. முனிசாமி பாய்ந்து எடுத்து, கேட்டு, குழலியிடம் நீட்டினார்.

"அம்மா," என்றான் விமல்ராஜ். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. "டிக்கெட் எடுத்துட்டேம்மா. காலைல வந்துடுவேன்."

"லைனே கெடைச்சிருக்காதேப்பா. கேக்காமயே எடுத்துட்டியா?"

"எங்கேஜ்டாவே இருந்துச்சு. மொதல்ல பயந்துட்டேன். அப்பறம்தான் மணியப் பாத்தேன், ரிசல்ட்டு நேரம். நீங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்காக வச்சிருப்பீங்கன்னு டிக்கெட்டப் போட்டுட்டேன்."

பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்:

"எத்தினி பேரும்மா பாஸு?"

குழலி ரிசீவரை ஜெயப்ரியாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியருகே போய் உட்கார்ந்தாள். யாரோ கம்ப்யூட்டரை மறுபடி மூடுவதற்குப் போர்வையை எடுத்தார்கள்.

"இருக்கட்டும்," என்றாள்.

கண்ணாடியில் பஞ்சாட்சரத்தின் கைத்தடம் அப்படியே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பின்னால் ஜெயப்ரியா சிங்கப்பூருக்கு ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.