சமையலறைக்குப் போன ரத்தப் பரிசோதனை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வராவிட்டால் என்னைக் கேளுங்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் ஒன்றோடொன்று இணைத்து ஓடவைத்தவளை எல்லாரும் ‘ஒயர்க்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முந்தைய நாள்தான் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் போய்ப் பார்த்துவிடலாம்.

“சித்தி வந்தாத்தான் கண்ணைத் தொறப்பேன்னு அடம்பிடிக்கிறாடி உன் மக,” என்று அக்கா போனில் சிரித்தாள்.

நிர்வாகியோ அசையவில்லை. “பிரிண்டர் விவகாரத்தை முடிச்சிட்டு எங்க வேணா போம்மா. அதுவரைக்கும் லீவுன்னு வாயத் தொறக்காதே.”

விவகாரம் இதுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அதைக் கொடுப்பது நடுவில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர். மின்சாரம் போய் வந்தால் அது கைக்கு அகப்பட்ட முகவரியை எடுத்து நீட்டிவிடும். லேப் பிரிண்டரின் முகவரி, நோயாளிகளின் சாப்பாட்டுக் குறிப்பு வரும் சமையலறைப் பிரிண்டருக்குப் போய்விடும். சமையல் மாஸ்டர் யாருடைய சர்க்கரை அளவையோ படித்துவிட்டு, “இவ்வளவு சர்க்கரையை எதுல கொட்டறது?” என்று கரண்டியும் கையுமாக நிற்பார்.

ஒயர்க்காரி உட்கார்ந்தாள். கருவிகள் பிறக்கும்போதே மேலே பொறித்து வரும் எண் ஒன்று உண்டு. வாங்கிய காலத்துப் பதிவிலிருந்து அந்த எண்களை டேட்டாபேஸில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிரந்தர முகவரியை எழுதினாள். யார் வந்து கேட்டாலும் முதலில் டேட்டாபேஸைப் பார்த்து, அதில் இருப்பதை மட்டும் கொடுக்கும்படி சர்வரை அமைத்தாள். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டாள். திரையில் ஒவ்வொன்றும் சமர்த்தாகத் தன் முகவரியில் வந்து நின்றது. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பையைத் தோளில் மாட்டினாள். போன் அடித்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் அக்கா.

“ஏய் ஒயர்க்காரி, ‘உப்பில்லாத சூப், ரெண்டாம் வார்டு’ன்னு வந்திருக்கு. இது யாரோட ரத்தம்டி?”

அமைப்பை மறுபடி வரி வரியாகப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. பஸ்ஸுக்கோ நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பையோடே சமையலறைக்கு ஓடினாள்.

அங்கே பிரிண்டரின் நெற்றியில் ஒரு பூ ஸ்டிக்கர். அது லேப் அக்கா தன் பிரிண்டரில் ஒட்டியது!

“மாஸ்டர், இது உங்க பிரிண்டர் இல்லையே?”

மாஸ்டரின் பார்வை உத்தரத்துக்குப் போனது. “அது வந்து தங்கச்சி... லேப் பிரிண்டர்ல எழுத்து பளிச்சுன்னு வரும். என் கண்ணுதான் மங்கிப்போச்சே. போன வாரம் லேப் அக்காகிட்ட கேட்டு மாத்திக்கிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு!”

“அண்ணே, முகவரி ரூமுக்கு இல்ல, மெஷினுக்கு. அது எங்க போனாலும் கூடவே போகும்.”

“அப்ப திருப்பித் தூக்கிட்டுப் போயிடுவியா?” மாஸ்டர் பச்சைப் பிள்ளையை அணைப்பதுபோல் பிரிண்டரை அணைத்துக்கொண்டார்.

ஒயர்க்காரிக்குக் கோபமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. “நீங்களே வெச்சுக்குங்க. தூக்கவே வேண்டாம்.”

ஓடிப்போய் டேட்டாபேஸில் இரண்டு பிரிண்டர்களின் முகவரிகளையும் இடம் மாற்றினாள். இரண்டையும் அணைத்து மறுபடி போடச் சொன்னாள்.

“வந்திடுச்சுடி! ரத்தம் ரத்தமா வருது!” என்று லேப் அக்கா போனில் கத்தினாள்.

“சூப்பும் வந்தாச்சு!” மாஸ்டரின் குரல் போனே இல்லாமல் மாடிவரை கேட்டது.

நிர்வாகி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “இன்னும் இங்க என்னம்மா நிக்கற? பஸ் போயிடப் போகுது!”

பஸ் கிடைத்தது. சித்தியின் மடிக்கு வந்ததும் அந்தக் குட்டி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பார்த்ததாம். ‘இவ்வளவு நேரமா?’ என்று கேட்பதுபோல்.

உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய நல்ல சேதியும் வழி மாறாமல் உங்கள் கதவையே தட்டட்டும், கண்ணுகளா. தொட்டிலில் சிரிப்பும் அடுப்பில் சூடும் குறையாமல், எல்லாரும் நல்லா இருங்கள்.