பதினேழாம் பக்கத்து முகவரி

சின்ன நூலகங்களுக்காக நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஓர் இலவச மென்பொருள் எழுதினோம். அதற்குக் கையேடு போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஆஃப்செட்டில் ஐந்நூறு பிரதிக்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது என்றார்கள். எங்களுக்கு வேண்டியதோ பத்து. டிஜிட்டல் பிரிண்ட், கறுப்பு வெள்ளை, நடுவில் இரண்டு பின் என்று முடிவு செய்தேன்.

முதல் புரூஃபில் ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் மங்கல். நான் விடுவேனா? அச்சகக்காரரைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

"படிக்கிறவங்க கண்ணைக் கசக்கிக்கிட்டா படிக்கணும்? பெருசாப் போடுங்க."

"போட்டுடலாம்மா. பளிச்சுனு வரும்."

வந்தது. பத்துப் பிரதிகளும் பத்து நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, கையிலிருந்த கடைசி புரூஃபை ஆற அமரப் புரட்டினேன். பதினேழாம் பக்கம்: 'புதிய உறுப்பினரைச் சேர்ப்பது எப்படி?' கீழே படத்தில் என் தங்கையின் பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர்.

சோதித்துப் பார்க்க யார் பெயரையாவது அடிக்க வேண்டியிருந்தது. கை தானாக அவள் பெயரை அடித்திருக்கிறது. புருஷனின் அடி தாங்காமல் அவள் ஓடி வந்து ஆறு மாதம். அவள் ஒளிந்திருக்கும் அந்த முகவரி எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. அப்படி ரகசியம் காத்த மகராசி நான், அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன்!

ஒவ்வொரு நூலகமாகக் கூப்பிட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொன்னேன். ஒன்பது இடத்தில் கிழித்துவிட்டார்கள். பத்தாவது, தங்கை முன்பு புத்தகம் எடுத்த, அவள் புருஷன் இன்னும் தினமும் பேப்பர் படிக்கப் போகும் நூலகம். முதலில் அங்கேதான் கூப்பிட்டிருக்க வேண்டும். பயத்தில் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

"பதினேழாம் பக்கமா?" நூலகத்து அம்மாளுக்குக் குரலெல்லாம் சிரிப்பு. "உங்க தங்கச்சி பேரைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். நான்தான் அவங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் செல்லுல படம் எடுத்துக்கிட்டு வேகமாப் போனாரு."

"எப்போ?"

"இப்பதான். பத்து நிமிஷம் இருக்கும்."

அங்கிருந்து தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவளைக் கூப்பிட்டேன்.

"உடனே கிளம்புடி. அவன் வர்றான்."

"எப்படித் தெரிஞ்சுது அவருக்கு?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பீரோ திறக்கும் சத்தமும் பையின் ஜிப் இழுபடும் சத்தமும் கேட்டன.

"தெருமுனையில நில்லு. நான் ஆட்டோ பிடிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்க்கா."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இனிமே நான் எங்க இருக்கேன்னு உனக்கும் தெரிய வேணாம்," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.