ஓட்டுநருடன் பேசாதீர்கள்

பஸ் ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று விதி போட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒரு நாளில் எனக்கு வாய்த்த நிம்மதியெல்லாம் அந்த விதியால் வந்ததுதான்.

ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் போதும், போன் அலறும். அக்கா. அவளுக்கு வீட்டுக்காரர், மருமகள், மேல் வீட்டுக்காரி மூன்று பேரோடும் ஓயாத சண்டை. காலையில் நான் பல் விளக்கும்போது மருமகள் கதை, மதியம் சாப்பிடும்போது அத்தான் கதை, படுக்கப் போகும்போது மூன்றும் சேர்ந்து. "உனக்கென்னடி, தனிக்கட்டை. பிள்ளையா குட்டியா?" என்றுதான் ஆரம்பிப்பாள். தனிக்கட்டைக்குக் காதைத் தவிர வேறொன்றும் கிடையாது என்று முடிவுகட்டிவிட்டாள் போலிருக்கிறது.

நானும் 'ம்' கொட்டுவேன். பாவம் என்றும் தோன்றும், போனைச் சுவரில் அடித்தால் என்ன என்றும் தோன்றும். மணியடித்தாலே தாடை இறுகிவிடும். போன மாதம் பல் டாக்டர், "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க. கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு கெடக்கு. மனசுல ஏதாவது பாரமா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டால் என்னத்தைச் சொல்வது?

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. போனை எடுக்கத்தானே தடை என்று, ஒரு நாள் சாயங்காலம் என் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். எனக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில், 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருந்த பலகைக்கு நேர் கீழே, பையை மடியில் வைத்துச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"அக்கா, இங்க பேசக் கூடாது."

"உன்னை யாரு பேசச் சொன்னா? நீ கேளு, போதும்."

அன்றைக்கு மருமகள் கதவைப் படாரென்று சாத்தியிருக்கிறாள். அதில் தொடங்கி, "அவ வந்த புதுசுலயே நீ எனக்காக அவளை ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா இப்படி ஆடுவாளா?" என்று என் தலையில் கொண்டுவந்து முடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. மனசுக்குள் அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன். ரவுண்டானா வந்தது. இடது பக்கம் திரும்பியிருக்க வேண்டும். என் கை தன்பாட்டில் பஸ்ஸை நேராக விட்டது.

நேரே போவது என் பழைய தடம். அங்கே வருடக்கணக்காகச் சாதாரண பஸ் ஓட்டியிருக்கிறேன். மாடி பஸ்ஸை என்னிடம் கொடுத்தது அந்த வாரம்தான். பழைய தடத்தில் ஒரு ரயில் பாலம் உண்டு. அதன் அடியில் சாதாரண பஸ் போகும், மாடி பஸ் போகாது. மேல் மாடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தைப் பார்த்ததும் பிரேக்கை ஏறி மிதித்தேன். பஸ் நின்றபோது கண்ணாடிக்கும் பாலத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். யாருக்கும் அடியில்லை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி, கைதட்டினார்கள். டிப்போவுக்கு நானே சொன்னேன். போலீஸ் வந்து வண்டிகளை நிறுத்த, அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்துச் சரியான தடத்துக்குத் திருப்பினேன். அக்கா பையை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"இனிமே இந்த பஸ்ல ஏறிப் பேசாதேக்கா."

"நானா உனக்குப் பாலத்துக்கு வழி காட்டினேன்?"

"இல்ல. வழிய விட்டது நான்தான். டிப்போல அதுக்கு என்ன சொன்னாலும் வாங்கிக்கறேன். ஆனா வீட்டுலயும் இனிமே மூணு வேளையும் என்னால கேட்க முடியாது. உடம்பு தாங்கல."

அவள் முகம் சுருங்கியது. "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் எப்போதும் கவிழ்வேன். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளின் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"நான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முழுசா இருப்பேன், வீட்டுக்கு வா. மத்த நாள் போன் எடுக்க மாட்டேன். உசுரு போற அவசரம்னா ஒரு வரி மெசேஜ் போடு, ஓடி வரேன்."

"பெரிய டாக்டரு, டைம் குடுக்கறா."

"ஆமா. அதுல பாதி நேரம் நான் பேசுவேன்."

"நீயா? உனக்கு என்னடி இருக்கு பேச?"

"நீதான் கேட்டதே இல்லையே."

பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

டிப்போவில் என்னை வண்டியிலிருந்து இறக்கி மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். அது வலிக்கவில்லை. அக்கா கோபம்தான் வலித்தது. புதன்கிழமை ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்த நேரம் போன் அடித்தது. கை நீண்டது. இழுத்துக்கொண்டேன். மணி அடங்கும்வரை என்னைப் போலக் கல்நெஞ்சுக்காரி உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அடங்கிய பிறகும் அவளிடமிருந்து மெசேஜ் எதுவும் வரவில்லை. அவசரம் இல்லை என்று புரிந்தது. 'ஞாயிறு பேசலாம்க்கா' என்று அனுப்பிவிட்டுச் சாப்பிட்டேன். சோறு சூடாக இருந்தது. இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். 'உர்'ரென்ற முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து, "உன் அத்தான் இருக்காரே..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரி, மொதல்ல நீ சொல்லு."

எனக்கு ஒன்றுமே வரவில்லை. சொல்லிப் பழக்கமில்லையே. அவளும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"பல்லு வலிக்குதுக்கா," என்றேன் கடைசியில். அழுகை வந்துவிட்டது.

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.