மெல்கோருக்கு வைக்காத எச்சில்

மெல்கோர் பாதிங்கா தன் பதினோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்தின் மாலை மணிக்கும் இடையில் இரண்டு அங்குலம் வளர்ந்தான். அந்த வாரம் தாலிசாயில் நெல் விலை இறங்கியிருந்தது, பாதிரியாரின் மோட்டார் சைக்கிளும் பழுதாகிக் கிடந்தது. ஆகையால் ஊருக்கு அதைப் பேச அதிக நேரமில்லை. வாத்தியாரம்மா மட்டும் காலையில் முட்டியை மூடியிருந்த கால்சட்டை மாலையில் முட்டிக்கு மேல் நிற்பதைக் கவனித்து, வெந்நீரில் துவைத்துப் போட்டாயா என்று கேட்டார். பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. காரணம் விளக்கு வைப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையில் மாங் செராபின் அவனைப் புகழ்ந்திருக்கிறார், புகழ்ந்துவிட்டு எச்சில் வைக்காமல் போயிருக்கிறார்.

செராபின் கதிந்திக், ஊர் மரியாதையாக மாங் செராபின் என்று கூப்பிடுகிறவர், மணிலாவிலுள்ள ஒரு கல்லூரி அணிக்காகக் கூடைப்பந்து ஆடும் பையன்களைத் தேடி ஊர் ஊராக அலைகிறவர். கையில் அளவுநாடா இருந்தாலும் பையனை அளக்க மாட்டார். ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லி அடிச்சுவட்டைப் பார்ப்பார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார், பிறகு தாயைக் கூப்பிட்டு அவள் மணிக்கட்டையும் பார்ப்பார். கடைசியில் ஓர் உயரம் சொல்வார். பத்து வருடம் கழித்துப் பையன் அந்த உயரத்தில் வந்து நிற்பான், அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் நாற்பத்தொரு பேரை மணிலாவுக்கு அனுப்பியிருந்தார். அத்தனை பேரும் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற குட்டையன்கள். வளையத்தின் கீழே மலைமாதிரி நிற்கிற பெரிய ஆள் ஒருவன்கூட அகப்படவில்லை. உங்கள் பக்கம் தென்னை மட்டும்தான் உயரமாக வளருமா என்று மணிலாக்காரர்கள் கேலி பேசினார்கள். அது அவருக்கு முள்ளாகக் குத்தியது. பெரிய ஆளைச் சின்ன வயதில் எடை போடுவது தனி வித்தை என்பது அவர் கட்சி. அவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று பார்க்கிறவன் மடையன். பந்து அவன் கைக்கு வந்ததும் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், கீழே எப்படி விழுகிறான் என்று பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டாவது குதிப்பைப் பார்க்க வேண்டும். முதல் தடவை எவனும் எம்புவான். பந்து கைநழுவிப் போனதும் காத்திராமல் மறுபடி எம்புகிறானே, அதற்கு நெஞ்சு வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சிற்றாலயத்துக்கு எதிரே இருந்த ஆடுகளத்தில் பாதிக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் பையன்கள் ரப்பர்ச் செருப்போடு ஆடினார்கள். அவர்களில் எல்லோரையும்விடச் சின்னவனாக இருந்த மெல்கோர் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எம்பினான், தவறவிட்டான், கால் தரையில் பட்டதும் படாததுமாக மறுபடி எம்பினான், மூன்றாம் தடவையும் எம்பினான். செராபின் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டார். ஈரச் சுவட்டைப் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார், களத்தோரம் சர்க்கரைப் பாகில் வாழைப்பழம் பொரித்துக் குச்சியில் குத்தி விற்றுக்கொண்டிருந்த அவன் தாய் ஆலிங் பாசிங்கைக் கூப்பிட்டு அவள் மணிக்கட்டையும் பிடித்தார். அவள் நாலே முக்கால் அடி, கடலோடு போன புருஷன் அவளைவிடக் கொஞ்சம் கம்மி. "ஆறடி ஒன்பது," என்றார் செராபின். "இவன மாதிரி ஒருத்தன நான் பாத்ததே இல்ல." களம் முழுக்கச் சிரித்தது. தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"வாயாரச் சொல்லிட்டீங்க. பூவெரா ஊசோக் சொல்லி எச்சில் வெச்சுட்டுப் போங்க, மாங் செராபின். புள்ளைக்குக் கண்ணு பட்டுடும்."

பிள்ளையைப் புகழ்கிறவர் கண்ணேறு விலகட்டும் என்கிற அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லி, கட்டைவிரலை நாக்கில் நனைத்து, பிள்ளையின் வயிற்றில் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். ஜீப்னி ஓட்டுகிறவன்கூட இதைச் செய்யாமல் வண்டியை எடுக்க மாட்டான். செராபினுக்கு மணிலாப் பழக்கத்தில் கொஞ்சம் வெட்கம் என்று ஊர் நினைத்தது. நிஜம் அதுவல்ல. புகழ்ச்சியைத் துடைத்தால் உயரமும் சேர்ந்து துடைபட்டுவிடுமோ என்று மனுஷன் பயந்தார். "வளரட்டும்னுதானே சொன்னேன் ஆலிங் பாசிங், வாடட்டும்னா சொன்னேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்னியில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்தபோது தாய் பையனைக் கையோடு இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்திச் சட்டையைத் தூக்கினாள். புகழ்ந்தவர் எச்சில்தான் ஆகும், வேறு யாருடையதும் செல்லாது. செராபின் வயிற்றைப் பார்க்கவில்லை. சிற்றாலயத்தின் கதவு நிலையில் பையனின் உயரத்துக்குப் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத்தான் பார்த்தார். பழைய கோட்டுக்கு மேலே மூன்று அங்குலத்தில் புதுக் கோடு.

"ஆறடி ஒன்பது வரைக்கும் விடுங்க. அன்னிக்கு நானே வந்து வெக்கிறேன். இது என் வாக்கு."

"இனாய், கொஞ்ச நாள் விடேன்," என்றான் பையன் தாயிடம். "எனக்கு ஒண்ணும் வலிக்கல."

தாய்க்கு அவன் ஒருத்தன்தான். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துச் சட்டையை இறக்கிவிட்டாள். அதை நினைத்துப் பின்னால் அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை.

ஐந்து வருடம் அவன் வளர்ந்தான். படுத்தால் கால் ஜன்னலுக்கு வெளியே போயிற்று, பக்கத்து வீட்டுக் கோழி அவன் பாதத்தில் அடைந்தது. கூரை மேல் ஏறிய சண்டைச் சேவலை ஏணியில்லாமல் எடுத்துக் கொடுத்தான். மற்றத் தாய்மார்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, இவனையும் ரெண்டு வார்த்தை புகழுங்கள், எச்சில் மட்டும் வேண்டாம் என்று செராபினிடம் கேட்டார்கள். அவரும் புகழ்ந்தார். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் வெறும் காய்ச்சல்தான் வந்தது. ஊர்ப் புனிதர் சான் இசித்ரோவின் திருவிழா நாளில் மெல்கோரின் கோடு ஆறடி ஒன்பதைத் தொட்டது. தாய் அவனைக் குளிப்பாட்டி, பெஞ்சில் உட்கார வைத்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். செராபின் மணிலாக் கடிதத்தோடு வந்தார். ஏழடி இருந்தால் நேரே எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது.

"இன்னும் மூணே மூணு அங்குலம், ஆலிங் பாசிங்."

"நீங்க சொன்ன உயரம் வந்துடுச்சு. நீங்க சொன்ன வாக்கு எங்க?"

"ஒரு மழைக்காலம். அவ்வளவுதான்."

அந்த மழைக்காலத்தில் செராபின் ஒன்றைக் கண்டார். மெல்கோரின் இரண்டாவது குதிப்பு தாமதமாயிற்று. முதலில் ஒரு மூச்சு நேரம், ஒரு மாதம் கழித்து இரண்டு மூச்சு, பிறகு பந்து கைநழுவினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரிய ஆட்கள் மெதுவாகத்தான் பழுப்பார்கள், அவசரப்படுத்தக்கூடாது என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவர். ஆனால் மெதுவாகப் பழுப்பதற்கும் உள்ளே கெடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியாதா? பதினோரு வயதில் மூன்று தடவை எம்பியவன் பதினாறு வயதில் ஒன்றோடு நிற்கிறான். தெரிந்தது. தெரிந்துகொண்டே அறிக்கையில் "காலம் எடுக்கும், பொறுக்க வேண்டும்" என்று எழுதி அனுப்பினார். அத்தனை வருடக் கண்ணை அவர் ஏமாற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஏழடி வந்த வியாழக்கிழமை அவரே தேடிக்கொண்டு வந்தார். மெல்கோர் சட்டையைத் தூக்கினான். செராபின் கட்டைவிரலை வாயில் வைத்தார். நாக்கு வெயிலில் கிடந்த சிமெண்டு போல் உலர்ந்திருந்தது. தண்ணீர் குடித்தார், தொண்டைக்குள் போயிற்று, நாக்கு நனையவில்லை. தாய் மாங்காய் நறுக்கிக் கொடுத்தாள், புளி கொடுத்தாள், காடியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். பல் கூசியது, எச்சில் ஊறவில்லை. மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒவ்வொரு வியாழனும் வருவார், ஒவ்வொரு வியாழனும் உலர்ந்த விரலை அந்த வயிற்றில் வைத்து அழுத்துவார், பையன் வளர்ந்துகொண்டே போவான். ஒருநாள் அழுது, அந்தக் கண்ணீரில் விரலை நனைத்தார். தாய் கையைத் தள்ளிவிட்டாள். "அது வேற தண்ணி," என்றாள். மெல்கோருக்கு அவர் மேல்தான் பரிதாபமாக இருந்தது. "பரவால்ல மாங் செராபின், அடுத்த வாரம் வரும்," என்று பெரிய கையை அவர் தோளில் வைத்தான்.

நாகா நகரத்து மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் வளர்ந்திருக்கிறது, இருதயம் மட்டும் பதினோரு வயசுக்காரனுடையது என்றார். குணமாக்க வழியில்லை, ஆடவேண்டாம் என்றார். செராபின் மணிலாவுக்கு எழுதினார்: "இவனை எடுக்க வேண்டாம். நான் தப்பாக எடை போட்டுவிட்டேன்." அவர் வாழ்நாளில் எழுதியதில் அதுதான் சின்ன அறிக்கை.

அடுத்த திருவிழாப் போட்டியில் மெல்கோர் ஆடவில்லை. ஆனால் சீருடை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும் என்று கெஞ்சினான். தாய் இரண்டு சட்டையை ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். இரண்டாம் பாதி தொடங்கியதும் அவிழ்ந்த காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்தான். அவன் உயரத்துக்குக் குனிந்து எழ நேரமாகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தார்கள். அவன் நிமிரவில்லை. வயது பதினேழு, உயரம் ஏழடி மூன்றரை. தச்சன் இரண்டு சவப்பெட்டிகளை அறுத்து ஒன்றாக இணைத்தான்.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களுக்குச் சுண்ணாம்படித்து மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோது, மெல்கோரின் கல்லறை கால்மாட்டில் வெடித்திருந்தது. இடுகாட்டுக் காவலாளி அளந்து பார்த்தான், இரண்டு விரற்கடை நீண்டிருந்தது. வெடிப்பைச் சிமெண்டு பூசி அடைத்தான். மறுவருடம் இன்னும் இரண்டு விரற்கடை. கால்மாட்டில் இடம் வாங்கி வைத்திருந்த குடும்பம் முணுமுணுக்காமல் வேறு வரிசைக்குப் போயிற்று. இடுகாட்டுச் சுவரைத் தள்ளிக் கட்டலாம் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகி, அன்றைக்கே தெருவிளக்குப் பிரச்சினையும் பேசப்பட்டது. செராபின் வருடம் தவறாமல் நாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போனார். தாய் அவரோடு பேசியதில்லை.

ஒன்பதாம் வருடம் அவள் கல்லறை மேல் வாழையிலை போட்டு, மகனுக்குப் பிடித்த அரிசிப் பணியாரமும் இறால் விழுதோடு பச்சை மாங்காயும் வைத்துக்கொண்டிருந்தாள். கத்தி மாங்காயில் இறங்கிய வாசனை வந்தது. செராபினின் வாய் நிறைந்தது. ஒன்பது வருடமாக ஊறாத எச்சில் கடைவாயில் வழிந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலை நனைத்து, வயிறு இருக்கும் இடத்தைக் கண்ணால் கணக்கிட்டுக் கையை நீட்டினார்.

ஆலிங் பாசிங் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"இப்பதான் ஊறியிருக்கு, ஆலிங் பாசிங். இப்பவாவது வெச்சுடறேன்."

"தெரியுது. வேண்டாம். இதுவும் நின்னு போச்சுன்னா அவன்னு எனக்கு என்ன மிச்சம் இருக்கு? வளரட்டும்."

அவர் எச்சிலை விழுங்கினார். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நாடாவை விரித்தார், மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு?"

"ரெண்டு விரற்கடை."

"இன்னும் வளருவானா, மாங் செராபின்?"

செராபின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடந்தார். வெடிப்பைத் தடவினார், சிலுவையின் சாய்வைப் பார்த்தார், பழைய பழக்கத்தில் தாயின் மணிக்கட்டையும் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

"வளருவான்," என்றார்.

அவள் மாங்காயில் பாதியை அவருக்குக் கொடுத்தாள். காவலாளி சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்தான்.