அரை மணி நேரம் நிற்காமல்

ஷோரூம்காரர் சாவியை என்னிடம் நீட்டியதும் மாப்பிள்ளை நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, பாட்டையும் நிறுத்தச் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாத மனிதர். காது கேட்கும் கருவி விற்கும் கடை வைத்திருக்கிறார். என் தங்கையின் வீட்டுக்காரர். நானோ முப்பது வருடமாக டீசல் எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவன். ஓட்டத் தெரியாதவருக்கு வண்டி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பாக்கியம் என் தலையில்தான் எழுதியிருந்தது.

"எண்பதுல போங்க மச்சான். போய்க்கிட்டே மெதுவா ஏதாவது பேசுங்க. உதட்டைப் பாக்காம நான் திருப்பிச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன பேச?"

"எது வேணா. மெதுவா, அவ்வளவுதான்."

எனக்கு எரிச்சல். எண்பதைத் தொட்டதும், "ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு பெரிய டயர் ஒரு கேடா" என்று பல்லுக்குள் முனகினேன். பின் சீட்டில் ஷோரூம்காரர் இருமினார். மாப்பிள்ளை வெளியே பார்த்தபடியே, "ஓட்டத் தெரியாத மனுஷனுக்கு... நடுவுல ரெண்டு வார்த்தை போச்சு... டயர், அப்புறம் ஏதோ. இந்த டயர் வேணாம், இரைச்சல் ஜாஸ்தி" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. கடையில் நாள் முழுக்க அவர் செய்யும் வேலையே இதுதான். வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு வார்த்தை சொல்வார். எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அது பதினெட்டு அங்குலச் சக்கரம். பார்க்க ஜோராக இருக்கும். பக்கச்சுவர் ஒல்லி, அதனால் சாலையின் சத்தம் முழுக்க உள்ளே வரும். அடுத்து பதினாறு அங்குலம் போட்ட வண்டியில் போனோம். அதே வேகம், அதே சாலை. நான் முனகியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். அந்த வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. ஷோரூம்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சாலையோரம் எதையோ தேடுவது போல் பாவனை செய்தார். சின்ன டீசல் எஞ்சின், பெரிய டீசல் எஞ்சின் இரண்டையும் இப்படியேதான் பார்த்தார். பெரியது அதே வேகத்துக்குக் குறைவாகச் சுற்றுகிறது, அதனால் அமைதி. எனவே பெரியது. இழுவை எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு என்று ஒரு கேள்வி கிடையாது.

யாருக்காக இந்தப் பரீட்சை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் என் தங்கை. பதினாலு வருடம் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தவள். கிளட்ச்சை விடத் தெரியாமல் அழுத எத்தனையோ பேரைக் கடைத்தெரு நெரிசலில் ஓட்ட வைத்தவள். அவள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். பதினோரு மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக ஒழுகியது. முகத்தின் ஒரு பக்கம் நரம்பு தளர்ந்துவிட்டது. கை காலுக்கு ஒன்றுமில்லை. மூட முடியாமலிருந்த கண் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பேசும்போது உதடு ஒரு பக்கமாக இழுக்கும். உதடு சேர வேண்டிய எழுத்துகள் சேராமல் காற்றாகப் போகும். அதனால் மெதுவாக, உள்ளுக்குள்ளேயே பேசப் பழகிவிட்டாள். டிரைவிங் பள்ளியை மூடினாள். பழைய வண்டியை விற்றாள். டாக்டரிடம் போவதைத் தவிர வாசற்படி தாண்டவில்லை. கூடப் பிறந்த அண்ணன் நான், எனக்கே போன் எடுக்க மாட்டாள். எழுதித்தான் அனுப்புவாள்.

சரி, அவளுக்காகத்தான் வாங்குகிறார். ஆனால் அவள்தான் ஓட்ட மாட்டேன் என்று சாதிக்கிறாளே!

"மாப்பிள்ளை, என் பேச்சைக் கேளுங்க. பெட்ரோல் வாங்குங்க" என்றேன், ஷோரூம் மேஜையில் இருவரும் தனியாக இருந்தபோது. "வீட்டுலேருந்து கடைக்கு மூணு கிலோமீட்டர். இதுக்கு டீசல் ஆகவே ஆகாது. சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கு. வண்டி நல்லா சூடேறி ஓடினாத்தான் அந்தக் கரி எரியும். சும்மா ஸ்டார்ட் பண்றது, நாலு தெரு சுத்தறதுன்னு வெச்சுக்கிட்டா அடைச்சுக்கும். மஞ்ச லைட் எரியும். அப்ப ஹைவேல அரை மணி நேரம் நிக்காம ஓட்டணும். உங்க வீட்டுல யாரு ஓட்டறது?"

"மஞ்ச லைட் வந்தப்புறம் ஓட்டினா சரியாயிடுமா?"

"ஆயிடும். விட்டுட்டா சிவப்பு வரும். சிவப்பு வந்தா என் ஷெட்டுதான்."

"ம்" என்றார். பயந்துவிட்டார், பெட்ரோலுக்கு வருவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்து டீசலுக்குக் கையெழுத்துப் போட்டார். அன்று திரும்பி வரும்போது அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக் பேச்சைக் கேட்காதவனை விட, கேட்டுவிட்டு நேர்மாறாகச் செய்கிறவன் மேல்தான் எங்களுக்குக் கோபம் அதிகம்.

வண்டியை நான்தான் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்தினேன். தங்கை ஜன்னலிலிருந்து பார்த்தாள். "நிறம் நல்லா இருக்கு" என்று போனில் எழுதி அனுப்பினாள், பத்தடி தூரத்திலிருந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் போகிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். "உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்" என்றார். அடுத்த ஞாயிறு போனால் சாவி எங்கேயோ வைத்துவிட்டேன் என்றார். அதற்கடுத்த ஞாயிறு கடையில் வேலை இருக்கிறது என்றார். இதற்கிடையில் தினமும் காலையில் கடைக்குக் கிளம்பும் முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கியரில் போடாமல் அப்படியே இருபது நிமிடம் ஓட விடுகிறார் என்று தெரிந்தது.

"அதைத்தானே செய்யக் கூடாதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்!"

"பேட்டரி போயிடக் கூடாதில்ல" என்றார் அப்பாவியாக.

இனி நீராச்சு உம் வண்டியாச்சு என்று கைகழுவினேன். ஐந்து வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

நேற்று முன்தினம் காலை பத்து மணி இருக்கும். ஷெட்டில் ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தேன். போன் அடித்தது. தங்கையின் பெயர். எழுதி அனுப்பவில்லை, கூப்பிடுகிறாள்! அடியிலிருந்து எழும்போது நெற்றியில் நன்றாக ஒரு இடி வாங்கினேன்.

"அண்ணா" என்றாள். போனில் அவள் குரலைக் கேட்டு எத்தனை மாதம்! "வண்டில மஞ்ச லைட் எரியுது. அந்த மனுஷன் தினம் நிக்க வெச்சே ஓட விடறார். சத்தமே மாறிப் போச்சு. உள்ளேருந்து கேக்கவே சகிக்கல. புது வண்டிண்ணா!" புது வண்டி என்றபோது அந்த 'பு' காற்றாகத்தான் போயிற்று. அவள் கவனிக்கவில்லை. கோபத்தில் மறந்துவிட்டாள். "இப்பவே வந்து ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வா."

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "மச்சான் என்ன சொல்றார்? வர்றாராமா?" கடை திறக்கும் நேரம் தாண்டி ஒரு மணி ஆகிறது, இந்த மனிதர் இன்னும் வீட்டில் இருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாவி தொலைந்தது, பேட்டரி, இருபது நிமிடம், எல்லாம் இதற்குத்தான். என்னிடமே பாடம் கேட்டு, என் பாடத்தை வைத்தே மனிதர் ஒரு நல்ல எஞ்சினை நாள் தவறாமல் கெடுத்திருக்கிறார். வாடகை வண்டியில் போகலாம் வா என்றால் அவள் வர மாட்டாள். ஊரைப் பார்க்கலாம் வா என்றாலும் வர மாட்டாள். ஒரு எஞ்சின் கண்ணெதிரே வீணாகப் போவதை மட்டும் அவளால் தாங்க முடியாது. அது இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா?

ஷெட்டிலிருந்து அவர்கள் வீடு பத்து நிமிடம். நான் போனால் வேலை முடிந்தது. அவள் மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விடுவாள். தங்கை கேட்டு இதுவரை இல்லையென்று சொன்னதில்லை.

"நான் வெளியூர்ல இருக்கேம்மா. வர ரெண்டு நாளாகும்" என்றேன். பக்கத்தில் லாரிக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"ரெண்டு நாள் தாங்குமா?"

"தாங்காது."

அவள் மூச்சு கேட்டது. சொல்லித் தொலைத்துவிடலாமா, இதோ வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. கையிலிருந்த ஸ்பேனரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம் ஓட்டணும்?"

"அரை மணி. நிக்காம. நாலாவது கியர்லயே போ, எஞ்சின் நல்லா சூடேறட்டும்."

"எந்த கியர்னு எனக்கா சொல்லித் தர்றே?" என்று பட்டென்று வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மணி நேரம் அதே நட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். போனாளா, வாசலோடு திரும்பினாளா? தெருவில் யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டுவைத்தார்களா? காலையில் பெய்து விட்டிருந்த மழை அப்போதுதான் மறுபடி லேசாகத் தூறத் தொடங்கியது. பொறுக்க முடியாமல் அந்தத் தூறலில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியூரில் இருப்பவன் அந்தத் தெருவில் மாட்டிக்கொண்டால் என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட இல்லை.

கேட் திறந்து கிடந்தது. வீடு பூட்டியிருந்தது, மாப்பிள்ளையும் அவளோடு பக்கத்து சீட்டில் போயிருக்க வேண்டும். வாசல் முழுக்க ஈரம். நடுவில் ஒரு வண்டி அகலத்துக்கு மட்டும் தரை இன்னும் வெளுத்திருந்தது, ஓரமெல்லாம் தூறல் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது. மணி பார்த்தேன். அவள் போனை வைத்து ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. விளக்கு எப்போதோ அணைந்திருக்கும். கிளம்பிப் போன காரணம் முடிந்துபோன பிறகும், இன்னும் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருக்கிறாள், கழுதை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. நல்லவேளை, மழையில் யாருக்கும் தெரியாது.

தூறல் வலுத்தது. வெளுத்த இடம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு பாய் அளவாகி, ஒரு கைக்குட்டை அளவாகி, கடைசியில் வாசல் முழுக்க ஒரே நிறமானது. தெருமுனையில் இன்னும் ஒரு வண்டியும் திரும்பவில்லை.